ஆறிப்போனவர்கள்

மூன்று டீ டம்ளர்களும் ஒரே சத்தமாக மேசையில் இறங்கின. ஜெயபிரியாவுக்குச் சுருக்கென்றது. ஆய்வக இயக்குநர் முத்துக்குமாரசாமி, பாண்டியராஜ், குற்றாலிங்கம் மூவரும் ஒரே நேரத்தில் புறங்கையால் வாயைத் துடைத்தார்கள்.

வெளியே குற்றாலத்துச் சாரல் வராந்தாத் தகரத்தில் மணலாய் உதிர, உள்ளே லேசர் மேசைக்கு அடியில் தண்ணீர்க் குழாய்கள் முனக, எரிந்த ரப்பர் வாடை சுவரை விட்டுப் போகாமல் அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. காந்தச் சுருளின் மின்கம்பி உறை உரிந்து கிடக்கிறது என்று அவளும் மற்றவர்களும் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். “அடுத்த மாசம் பாப்போம்” என்றார் இயக்குநர். திங்கட்கிழமை, கூட வேலை பார்த்த ஜஸ்டின் அதில் கருகிச் செத்தான். இப்போது அவன் கவனக்குறைவாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், பாவிகள்.

இந்த ஆய்வகத்தில் செய்யும் வேலையும் இப்போது இங்கே நடப்பதும் ஒன்றுதான். காற்றில்லாத கண்ணாடிக் கூண்டில் அணுக்களை அடைத்து, சூடானவற்றை மட்டும் வெளியே தப்பவிடுவார்கள். மிஞ்சியவை ஆறும். ஆறி ஆறி, எது எதுவென்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றாகிவிடும். ஜஸ்டினுக்காக அதிகம் கத்திய இத்ரீஸை நேற்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

“அண்ணாச்சி, நேத்து நீங்களும் அந்தக் கொதி கொதிச்சியளே. இன்னைக்கு என்னாச்சு?”

பாண்டியராஜ் திரும்பினார். மற்ற இருவரும் கூடவே திரும்பினார்கள்.

“மனச ஆத்திக்கோம்மா.”

மூன்று பேர் உதடும் அசைந்தது. குரல் ஒன்றுதான்.

அவள் உள்ளங்கையை நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். ஜஸ்டினுக்காகக் கத்த இனி அவள் ஒருத்திதான் பாக்கி. இந்தக் கோபம் போனால் அவளும் போனாள். விரல் நுனி சில்லிட்டது. பிறகு மணிக்கட்டு.

கதவு திறந்தது. நனைந்த சேலையோடு ஜஸ்டினின் மனைவி ஷாரோன் நின்றாள்.

“யக்கா, நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. அவுகளுக்கு என்ன ஆச்சு?”

சொல். கம்பியைச் சொல். கத்து.

முழங்கை குளிர்ந்தது. தோள். நெஞ்சு. கோபத்தைத் தேடினாள். இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அவள் வாய் திறந்தது. எதிரே மூன்று வாய்களும் திறந்தன.

“அவன் கவனக்குறைவும்மா.”

ஷாரோன் நான்கு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள்.

“யக்கா... இதுல நீங்க யாரு?”