வாசலடைப்பு

அந்தத் தெருவில் பதினோரு வருடமாக யாருக்கும் சளி பிடித்ததில்லை. அதனால் நான்கு வயது இதழினி மூக்கு ஒழுக அடுக்கடுக்காய்த் தும்மியதும் நன்முல்லைக்குப் பகீரென்றது.

கணவன் சிபியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மகளிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அப்பாவும் மகளும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். அலுவலகத்திலும் அதே கதை. ஊரே சேர்ந்து அவளிடம் எதையோ மறைக்கிறது.

சளியைத் தடுக்க ஊரே போட்டுக்கொண்ட வாசலடைப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உயிரணு தன்மேல் ஒட்டுவதை ஒரு சிறு பைக்குள் விழுங்கும். பையின் சுவரிலுள்ள பம்பு புரோட்டான்களை உள்ளே இறைத்து அதை அமிலமாக்கிப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பில்தான் வைரஸ் தன் சட்டையைக் கழற்றி உள்ளே நுழையும். பம்பின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணுவை ஓர் ஊசியால் அடக்கிவிட்டால் வாசல் மூடிவிடும். சிறுநீரைப் புளிக்க வைப்பதும் அதே பம்புதான். அடைத்தவர்களின் சிறுநீரில் சோதனைத்தாள் நீலமாகும், அடைக்காதவர்களுக்குச் சிவக்கும்.

இதழினியின் தாள் சிவந்தது.

போன மாதம் குழந்தையை ஊசிக்குக் கூட்டிப்போனவன் சிபி. திருடன் கையில் சாவியைக் கொடுத்தோமே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் தானே மகளைத் தூக்கிப்போய் ஊசி போட்டுவந்தாள். மாலைக்குள் பலன் தெரியும் என்றார்கள்.

மாலையில் சிபி வாசலில் ஒலிபெருக்கிகளை இறக்கிக்கொண்டிருந்தான். கல்யாண மண்டபங்களுக்கு மைக்செட் கட்டுவது அவன் தொழில்.

"ஏனுங்க, என்னைய ஏமாத்திட்டீங்கல்ல? இன்னிக்கு நானே கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டேன்."

அவன் முகம் வெளுத்தது. வாய் மட்டும் அசைந்தது.

"மென்னு முழுங்காம சத்தமாச் சொல்லுங்க!"

சிபி அவளையே பார்த்தான். பிறகு ஒரு மைக்கை எடுத்து இணைத்து, முழுச் சத்தத்தில் வைத்தான்.

"இவ்வளவு நேரம் கத்திட்டுத்தான் இருந்தேன், புள்ள. மண்டபத்துல வருசா வருசம் சத்தத்தக் கூட்டு, கூட்டுங்கறாங்க. சத்தம் அளக்கற மீட்டர் வெச்சுப் பார்த்தப்பதான் எனக்கே வெளிச்சமாச்சு. காதுக்குள்ளயும் அந்தப் பம்பு இருக்குதாம். அத அடைச்சா காது மெல்ல மெல்ல மந்தமாயிருமாம். அதனாலதான் பாப்பாவுக்குப் போடல. அன்னிக்குச் சோறு திங்கறப்பவே சொன்னேன். நீயும் தலையாட்டுன."

தலையாட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுகிறாள். யாரும் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. நன்முல்லை ஒலிபெருக்கியை ஒட்டி வந்து நின்றாள்.

"அந்த மரபணுவத் திரும்ப எழுப்ப மருந்து வராதுங்களா?"

"வந்துருச்சு. நேத்துதான் டாக்டர் சொன்னாரு." அவன் பார்வை மகள் இருந்த பக்கம் போனது. "ஆனா அத வைரஸ் கூட்டுக்குள்ள வெச்சு, அந்த வாசல் வழியாத்தான் உள்ள அனுப்ப முடியுமாம்."

அவள் ஓடிப்போய் மகளை வாரி எடுத்து முகத்தைப் பார்த்தாள்.

மூக்கு ஒழுகுவது நின்றிருந்தது.