சர்க்கரை போடாத டீ

கம்பவுண்டர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார். தெருவில் யாருக்கு என்ன வியாதி என்று விசாரிப்பதிலிருந்து அல்ல. ஆகவே மூன்றாவது வீட்டு மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறியபோது அவர் நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டார்.

"அத்தைக்குக் கால் வீங்குது சார். மாத்திரை போட்டும் பிரஷர் ஏறுது. நான் சாப்பாட்டுல என்னமோ கலக்குறேனாம். பதினஞ்சு நாளா என் கையால பச்சைத் தண்ணி வாங்கல. ஞாயித்துக்கிழமை என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம்."

"விஷம்தான் மாமா!" என்றான் கம்பவுண்டரின் மச்சான். அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான், இடது வலது மாற்றி.

மூன்றாவது வீட்டில் மாமியார் ஸ்டூலில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். போட்டுக் கொடுத்த மாமனார் பக்கத்தில் பெருமையாக நின்றார்.

"டாக்டர் சர்க்கரையை நிறுத்தி ரெண்டு மாசம். இவ போட்டா கஷாயம். அவர் போட்டா சர்க்கரை இல்லாமலே இனிக்குது. அது கைராசி!"

காலி டம்ளரின் அடியில் மஞ்சள் வண்டல். கம்பவுண்டர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"வீக்கம் எப்பம்மா கூடுச்சு?"

"இந்தப் பதினஞ்சு நாளாத்தான்."

மச்சான் மருமகளை முறைத்தான். கம்பவுண்டர் மச்சானை முறைத்தார்.

"மருமக கையால சாப்பிடறதை நிறுத்தின பிறகுதான் கூடியிருக்கு. அப்ப கோளாறு அவ கையில இல்ல. சார் ஒரு நாளைக்கு எத்தனை டீ போடுறார்?"

"முன்ன ரெண்டு. இப்ப ஆறும் அவர்தான்."

"அதுல என்ன சார் போடறீங்க?"

மாமனார் ஒளிக்கவில்லை. "அதிமதுரப் பொடி. இவ இருமலுக்கு வாங்கினது. ஒரு சிட்டிகை, ஒரு வாரம்னுதான் கடைக்காரர் சொன்னார். இருமல் போயிடுச்சு. ஆனா சப்புன்னு டீ குடிச்சு இவ முகம் சுண்டறதைப் பார்க்க முடியல. மூலிகைதானே, என்ன பண்ணிடும்னு டம்ளருக்கு ஒரு ஸ்பூன்..."

"தொண்டைக்கு நல்லதுதான். நாள்கணக்கா ஸ்பூன் ஸ்பூனாப் போனா உடம்புல உப்பும் தண்ணியும் தங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. இப்பவே நிறுத்திட்டு, டப்பாவோட டாக்டர்கிட்ட கிளம்புங்க. ரத்தப் பரிசோதனை பண்ணணும்."

மாமியார் கணவரைப் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஒரு டீ போடு. நீயே போடு."

வந்த டீயைக் கடைசிச் சொட்டு வரை, முகம் சுளிக்காமல் குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அந்த வீட்டில் அன்று சொல்லப்பட்ட ஒரே பொய் அதுதான்.