வடக்குப் பெஞ்சு

ஞாயிறு ஆராதனையில் ஐந்தாம் வசனத்துக்கு ஆர்கனின் கட்டைகளைத் தொட்டபோதுதான் ஏதோ பிசகியிருப்பது தவசிமுத்துவுக்குத் தெரிந்தது. அவர் வாசித்தது ஒரு சுருதி; தெற்குப் பெஞ்சில் நின்றவர்கள் பாடியது இன்னொரு சுருதி. அரைச் சுரம் இறங்கியிருந்தது. ஒருவர் இருவர் இறங்கினால் தொண்டைக் கோளாறு என்று விட்டுவிடலாம். அத்தனை பேரும் நூல் பிடித்தாற்போல் ஒரே அளவுக்கு இறங்கியிருந்தார்கள். அப்படி இறங்க வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து சுருதி வாங்கியிருக்க வேண்டும். அவரிடமிருந்து வாங்கவில்லை.

அது சீமையிலிருந்து கப்பலில் வந்து, சாத்தூர் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்த கால்மிதி ஆர்கன். வாசிக்கிறவர் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே துருத்தி காற்று வாங்கும், சத்தம் வரும். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான தவசிமுத்து அதை மிதித்து மிதித்தே கெண்டைக்கால் இறுகிப்போனவர். ஆர்கனுக்கு இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். பாடகர் கூட்டத்தில் பாதி தெற்கே, பாதி வடக்கே. வேதாகமச் சங்கீதத்தின் ஒரு வசனத்தைத் தெற்குப் பெஞ்சு பாடினால் அடுத்ததை வடக்குப் பெஞ்சு பாடும். துரைமார் ஊர்க் கோயில்களில் அப்படித்தானாம். இங்கேயும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

பங்குனியில் வன்னியம்பட்டியில் ஒரு சாவு. அதற்கு முந்தைய சாவுக்குத் தெற்குப் பெஞ்சு போயிருந்ததால், இது வடக்குப் பெஞ்சின் முறை. போனார்கள், அடக்க ஆராதனையில் பாடினார்கள், தாகத்துக்கு அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். அந்த வாரமே வாந்திபேதியில் வடக்குப் பெஞ்சு மொத்தமும் போய்விட்டது. அந்தப் பெஞ்சின் தலைக்குரல் தவசிமுத்துவின் மனைவி சாராள். மகள் அன்னப்பழமும் அம்மையை ஒட்டி நின்று பாடியவள்தான். தெற்கே பெண்குரல் மெலிந்திருக்கிறதென்று தவசிமுத்துதான் சண்டை போட்டு அவளை மாசியில் இந்தப் பக்கம் மாற்றியிருந்தார். அதனால் பிள்ளை தப்பினாள். இனி அவருக்கென்று உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

மிச்சமிருப்பவர்களை இரண்டாகப் பிரித்து நிறுத்துங்கள் என்றார் குருவானவர். நியாயமான பேச்சு. ஆனால் சாராள் நின்ற இடத்தில் வேறொருத்தி நிற்பதைப் பார்க்கத் தவசிமுத்துவுக்கு நெஞ்சுரம் இல்லை. வடக்குப் பெஞ்சின் வசனங்கள் வடக்குப் பெஞ்சுக்கே என்று அவர் ஒரு ஏற்பாடு செய்தார். அந்த வசனம் வரும்போது ஆர்கன் நிற்கும், யாரும் வாய் திறக்கக் கூடாது. அதைப் பாட ஆகும் நேரம் மௌனமாக நின்றுவிட்டு, தெற்குப் பெஞ்சு தன் அடுத்த வசனத்தை எடுக்கும். கேட்ட சனங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செத்தவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை செய்ய யாருக்குத் தோன்றும் என்று குருவானவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

சுருதி இறங்கிய அன்று ஆராதனை முடிந்ததும் தவசிமுத்து சமுத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். சமுத்திரம் கடைவீதியில் தையல்காரன், கூட்டத்தின் அடிக்குரல்.

"ஏலே சமுத்திரம், சுருதி எங்கலே போச்சு?"

"அவிய விட்ட எடத்துலதான வாத்தியாரையா நாங்க எடுத்தோம்" என்றான் அவன், கேட்கவே வேண்டாத கேள்வியைக் கேட்டுவிட்டதுபோல.

"எவிய?"

சமுத்திரம் தன் கால் விரல்களைப் பார்த்தான். அன்னப்பழம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. சாராள் என்றைக்கும் அரைச் சுரம் இறங்கித்தான் பாடுவாள். உன் தொண்டைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கேலி செய்தவர் அவர்.

அடுத்த ஞாயிறு மாலை, முதல் வசனம் முடிந்து மௌனம் வந்ததும், மிதியிலிருந்து இரண்டு காலையும் எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கில் இலுப்பை எண்ணெய் கருகும் வாடையும், மோட்டு வளையில் வௌவால்கள் புரளும் சத்தமும், செண்பகத்தோப்புப் பக்கமிருந்து இறங்கிய காற்று மேற்கு ஜன்னல் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும், தூரத்தில் ஆண்டாள் கோயில் நாகசுரம் வருவதும் போவதுமாக இருப்பதும், எல்லாம் வழக்கம்போலவே இருந்தன. அவற்றுக்கு நடுவில், வெறும் பெஞ்சிலிருந்து, மிக மெதுவாக, ஒரு மூச்சு வந்தது. பாடுகிறவர்கள் வசனத்தைத் தொடங்கும்முன் ஒன்றாக உள்ளே இழுக்கிறார்களே, அந்த மூச்சு. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. ஒரு வசனத்தின் நேரம் கடந்தது. அவருக்குப் பாட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் தெற்குப் பெஞ்சில் எல்லோருடைய தலையும் தாளத்துக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பயந்தார். அன்றைக்கே அதை நிறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் அவருக்கு நிறுத்த மனமில்லை. சாராள் அங்கே மூச்சு விடுகிறாள். அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று அவர் காத்திருக்கத் தொடங்கினார்.

அந்த வாரத்தில் சமுத்திரம் இறந்தான். பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவன் மூச்சை உள்ளே இழுத்தானாம், வெளியே விடவில்லையாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு வடக்குப் பெஞ்சின் மூச்சு கனத்திருந்தது. அடியில் ஒரு ஆண்மூச்சு சேர்ந்திருந்தது. தையல்காரனின் அகன்ற நெஞ்சைத் தெரிந்த எவருக்கும் அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் முன்ஷியாக இருந்த சம்பத்குமார், ஆண்டாள் சன்னதியில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். மத்தியான இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவரே பேச்சை எடுத்தார்.

"நீர் செய்யறது நன்னாயில்லை, தவசிமுத்து. நாங்களும் ரெண்டு வரிசையா நின்னுதான் சேவிக்கறோம். ஒரு அடி இவா, அடுத்த அடி அவா. ஒரு வரிசையிலே ஆள் குறைஞ்சா இந்தப் பக்கத்திலேர்ந்து போய் நிப்போம். காலியா விடறதில்லை."

"விட்டா என்ன சாமி?"

"ஒரு அடியைச் சொல்லிட்டு எதிர்ப் பக்கத்தைப் பார்த்துச் சும்மா நின்னா, பதிலுக்குக் காத்துண்டிருக்கோம்னு ஆயிடும். கூப்பிட்டா வரமாட்டாளா?" சொல்லிவிட்டு அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடுப்பங்கரையில் அன்னப்பழம் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வசனம் பாடுவாள். அடுத்த வசனத்தின் நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு குழவியை மட்டும் இழுப்பாள். பிறகு அடுத்தது. பழக்க தோஷம் என்று தவசிமுத்து செருப்பைக் கழற்றினார். கழற்றிய கால் அப்படியே நின்றது. அவள் பாடியது இரண்டாம் வசனம். பாடாமல் விட்டது மூன்றாவது. பிறகு பாடியது நாலாவது.

"ஏட்டி அன்னம், அது அந்தப் பக்கத்து வசனம்லா?"

அவள் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. பேசியபோது குரல் காற்றாகத்தான் வந்தது. "ஆமாப்பா. இங்கன நின்னு பாடுனா மூச்சு காண மாட்டேங்கு. அம்மை பக்கத்துல நின்னா வருது."

அந்த இரவு அவர் தூங்கவில்லை. விடிந்ததும் வண்டி கட்டி, ராஜபாளையத்தில் சாராளின் தங்கை வீட்டில் மகளைக் கொண்டுபோய் விட்டார். பிள்ளைக்குக் கொஞ்சம் இடமாற்றம் வேணும், கொஞ்ச நாள் உங்கூட இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். திரும்பி வரும்போது வழியெல்லாம் வாய்விட்டு ஜெபித்தார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம், கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டி கருத்தையா முதல் மணி அடிக்கும்போது, ரோட்டுப் புழுதி முழங்கால் வரை ஏற அன்னப்பழம் தெற்குப் பெஞ்சில் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நடந்தே வந்திருக்கிறாள்.

"சித்தி வீட்டுல மூச்சு முட்டுதுப்பா" என்று உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவர் அவளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளப் பார்த்தார். அவள் வரவில்லை. சரி, வழி ஒன்று இருக்கிறது. காத்திருப்பதால்தானே வருகிறார்கள்? காத்திருக்க வேண்டாம். குருவானவர் தளவாய்புரம் சபைக்குப் போயிருந்தார். அன்றைய ஆராதனை தவசிமுத்துவின் பொறுப்பு. பாடகர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"இன்னைக்கு எல்லா வசனத்தையும் நீங்களே பாடணும். ஒரு வசனம் விடக் கூடாது. எடையில மூச்சு விடக்கூட நிக்கப்படாது. கேட்டுதா?"

யாரும் தலையாட்டவில்லை. அவர் மிதிக்கத் தொடங்கினார்.

முதல் வசனம் வந்தது. முடிந்த கையோடு இரண்டாவதை எடுத்தார். பாட்டு நிற்கவில்லை. மூன்றாவது. நாலாவது. இடையில் மௌனம் இல்லை. அந்த மூச்சு நுழைய இடமே இல்லை. தவசிமுத்துவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்தக் கோயிலில் அப்படி ஒரு பாட்டை அவர் கேட்டதில்லை. அடிக்குரல் நிறைந்து, மேல்குரல் தெளிந்து, ஓட்டுக் கூரையே அதிர்ந்தது. சனங்கள் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார்கள். அவருக்கும் கண்ணில் நீர் முட்டியது. பிழைத்தோம், ஆண்டவரே, பிழைத்தோம்.

அடிக்குரல்.

சமுத்திரம் போன பிறகு இந்தப் பக்கம் அடிக்குரல் ஏது?

அவர் தலையைத் திருப்பினார். தெற்குப் பெஞ்சில் எல்லோரும் நேராக நின்றார்கள். எல்லோருடைய வாயும் மூடியிருந்தது.

பாட்டு நடந்துகொண்டிருந்தது.

ஒரு வாய் மட்டும் திறந்திருந்தது. அன்னப்பழத்தின் வாய். வசனத்துக்குத் தக்கபடி திறந்தது, குவிந்தது, மூடியது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. அவள் குரல் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. வடக்கிலிருந்து. அரைச் சுரம் இறங்கிய இன்னொரு குரலை ஒட்டி, பழைய இடத்திலிருந்து.

அவர் காலை எடுத்தார்.

எல்லாம் நின்றது. பாட்டு நின்றது. அன்னப்பழத்தின் நெஞ்சும் நின்றது. அவள் கை பெஞ்சின் முனையைத் தேடியது. உதடு கருத்தது. கண் அவரையே பார்த்தது.

மிதித்தார். வெறி பிடித்தவராக மிதித்தார். துருத்தி காற்றை இழுத்தது. அவள் நெஞ்சு ஏறியது. வடக்கே பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

மெதுவாக மிதித்துப் பார்த்தார். அவள் தளர்ந்தாள். வேகமாக மிதித்தார். நிமிர்ந்தாள்.

கடைசி வசனம் வந்தது. முடிந்தது. தவசிமுத்து முதல் வசனத்துக்குத் திரும்பினார்.

மறுபடியும் கடைசி. மறுபடியும் முதல்.

கருத்தையா வந்து தோளைத் தொட்டான். "வாத்தியாரையா, போதும், எந்திரிங்க." அவர் முழங்கையால் அவனைத் தள்ளினார். சனங்கள் கண்ணைத் திறந்தார்கள். யாரோ ஒரு பெண் வீறிட்டாள். கதவைப் பார்த்து ஓடும் கால்கள். ஒரு விளக்கு எண்ணெய் தீர்ந்து அணைந்தது. அவர் திரும்பவில்லை. மகளின் நெஞ்சை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தார். அது அவர் காலோடு ஏறியது. அவர் காலோடு இறங்கியது.

பின்னால், வடக்குப் பெஞ்சில், பலகை முனகியது. யாரோ ஒருவருக்கு இடம் விட்டு நகர்கிறார்கள்.

அவருடைய இடது கால் மரத்துப்போனது. வலது காலால் மட்டும் மிதித்தார்.

அன்னப்பழத்தின் நெஞ்சு பாதிதான் ஏறியது.