பனியில் மூன்றாவது சுற்று

அழச் சொல்வார்கள். அழுதால் போயிற்று. தொண்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, இமைக்காமல் விளக்கையே பார்த்திருந்தால் கண்ணில் தானாகத் தண்ணீர் கட்டிக்கொள்ளும். எத்தனையோ படங்களில் அப்படித்தான் அழுதாகிவிட்டது. ஆனால் அந்த இடத்தைப் பார்த்ததும் நிஜமாகவே ஏதாவது பொங்கிவிட்டால்?

பொங்காது, என்று வெர்னா டாலஃப்சன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொங்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா.

வண்டி கார்வர் பே ஊருக்குள் நுழைந்தபோது பிற்பகல்தான். அதற்குள் வெளிச்சம் சாயம் போன துணிபோல் வெளுத்துவிட்டிருந்தது. மின்னசோட்டாவின் வடகோடியில் ஜனவரி மாதத்துப் பகல் அவ்வளவுதான். ஏரி கண்ணுக்கு எட்டியவரை உறைந்து, வானத்தின் நிறத்திலேயே கிடந்தது. மூடிப்போன காகித ஆலை. லூத்தரன் தேவாலயம். ஒற்றை விளக்கு எரியும் காபிக்கடை. பிடுங்கிய பல்லின் குழியை நாக்கு துழாவுவதுபோல் அவள் மனம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தது. எங்கும் வலிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரிசா கீன் பேசிக்கொண்டே வந்தாள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்திருந்த இளம் இயக்குநர். வெர்னாவின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்கிறாள். ஆலைத் தொழிலாளியின் மகள், பதினெட்டு வயதில் பனிச்சறுக்கில் உலகப் பதக்கம், பிறகு பனிமேல் ஆடிப்பாடும் படங்களின் கதாநாயகி, பிறகு மூன்று கல்யாணம், பிறகு எல்லாரும் மறந்துபோனது. எல்லாம் படம்பிடித்தாகிவிட்டது. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. கற்றுக்கொண்ட அதே கூடத்தில், அறுபத்தொரு வயதில், வெர்னா பனிமேல் ஒரே ஒரு எட்டுப் போடவேண்டும்.

டாக்டர் என்ன சொன்னாரென்று மரிசா மறுபடி விசாரித்தாள். வெர்னா மறைக்கவில்லை. இடுப்பில் இரண்டு முறை உலோகம் வைத்தாகிவிட்டது, இன்னொரு தடவை விழுந்தால் எலும்பில் பிடிமானம் இல்லை, பிறகு சக்கர நாற்காலிதான். மரிசா முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டாள். மெதுவாகப் போட்டால் போதும் என்றாள். ஒரே தடவைதான் என்றாள்.

ஏன் ஒப்புக்கொண்டோம் என்று வெர்னா யோசித்தாள். கேட்டார்கள், ஒப்புக்கொண்டாள். கல்யாணங்களும் அப்படித்தான் நடந்தன. இயக்குநர்கள் இன்னொரு டேக் என்றால் இன்னொரு டேக். கணுக்கால் வீங்கியிருந்தபோதும், முதல் குழந்தை கலைந்த வாரத்திலும். முடியாது என்ற சொல்லை அவள் வாய் பழகவே இல்லை. பழக்காமல் விட்டவள் இந்த ஊரில்தான் இருந்தாள்.

தெருக்கோடியில் தகரக்கூரையோடு பனிக்கூடம் நின்றது. கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி ஆர்வோ லெட்டினென் காத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின்பெஞ்சு. அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கூடத்தில்தான் வேலை.

"வா வெர்னி. சினிமாக்காரி வர்றாளேன்னு சட்டைய மாத்திட்டு வந்தேன். நீ என்னடான்னா எங்க அத்தை மாதிரி வந்து நிக்கற."

"உங்க அத்தைக்கு உன்னைவிட முடி அதிகம், ஆர்வோ."

அவன் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தான்.

உள்ளே அதே வாசனை. ஈரக் கம்பளி, ரப்பர் பாய், குளிரூட்டும் குழாய்களிலிருந்து கசியும் மூக்கைக் குத்தும் நெடி. கூரையின் தகரம் குளிரில் சுருங்கி எங்கோ 'டக்' என்றது. பிறகு நீண்ட நிசப்தம். பிறகு இன்னொரு 'டக்'. வெர்னா நீளப் பெஞ்சில் உட்கார்ந்து சறுக்குக்காலணிகளை மாட்டிக்கொண்டாள். கயிற்றைத் தளர்வாகவே கட்டினாள். கால் வீங்கும், இறுக்கக் கூடாது.

மிஸ் பிராஸ்க் இருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

ஹில்டுர் பிராஸ்க். ஏழு வயதிலிருந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள். எலும்பும் நரம்புமான உடம்பு, எந்நேரமும் சாம்பல் நிறக் கம்பளிப் பாவாடை. குழந்தையின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுப்பாள். விரல்கள் முதலில் வலிக்கும், பிறகு எரியும், பிறகு இல்லாமல் போகும். மரத்துப்போனபின்தான் பயிற்சி ஆரம்பம். வலிக்கிற கால் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி.

அந்தக் காலத்தில் போட்டியில் பாதி மதிப்பெண் எட்டுக்குத்தான். ஒற்றைக் காலில் ஒரு வட்டம், கால் மாற்றி இன்னொரு வட்டம், நடுவில் இரண்டும் தொடவேண்டும். அதே எட்டின்மேல் மூன்று சுற்று. காலணியின் கத்தி பனியில் கீறுகிற கோடு மூன்று முறையும் ஒன்றன்மேல் ஒன்று விழவேண்டும். இரண்டாவது கோடு மயிரிழை விலகினாலும் மிஸ் பிராஸ்க் பனிமேல் முட்டிபோட்டு, ஒரு கையை ஊன்றி, கோட்டுக்கு மேலே மூக்கை வைத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரே சொல்தான் சொல்வாள்.

"மறுபடி."

மூன்றும் ஒன்றாக விழுந்த அபூர்வமான நாளில் வேறு சொல். "வந்து பாரு." அப்போது குழந்தையும் போய் அவள் பக்கத்தில் முட்டிபோடவேண்டும். தலையோடு தலை ஒட்டி, இரண்டு பேரும் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முட்டி உறைந்து ஒட்டிக்கொள்ளும்வரை.

வெர்னா கலிபோர்னியாவில் படப்பிடிப்பில் இருந்தபோது மிஸ் பிராஸ்க் செத்துப்போனாள். இதே கூடத்தில், முட்டிபோட்டபடியே. அதிகாலையில் ஆர்வோதான் பார்த்தான். ஊன்றிய கை பனியோடு உறைந்து ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தார்கள் என்று அவன் போனில் சொன்னான். வெர்னா சரி என்றாள். அன்று மதியம் ஒரு பாட்டுக்குச் சிரித்தபடி ஆடவேண்டியிருந்தது. ஆடினாள்.

ஐஸைச் சீவி, வெந்நீர் ஊற்றி, உறையவைத்தாயிற்று என்று ஆர்வோ மரிசாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். அதன்பிறகு ஓர் ஈகூட உட்காரவில்லையாம்.

மேலே கம்பிப் பாலத்தில் கேமராவோடு படுத்திருந்த டெட் கீழே குரல் கொடுத்தான். ஏற்கெனவே ஒரு எட்டு இருக்கிறதே என்றான்.

இருந்தது.

முன்பெல்லாம் இந்தத் தளத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பட்டை கொடுப்பார்கள். தூரத்துச் சுவரை ஒட்டிய பட்டை வெர்னாவுடையது. அங்கே, பளபளக்கும் புதுப்பனியில், ஒரே ஒரு சுற்றுப் போட்ட எட்டு. கோடு அவ்வளவு மெல்லியது. பக்கத்தில் பனித்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஆர்வோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மரிசாவுக்குச் சந்தோஷம். யாரோ பழகிவிட்டுப் போயிருப்பார்கள், ஐஸ் சீவும் வண்டி அந்த மூலையை விட்டிருக்கும், நல்லதாகவே போயிற்று என்றாள். "அதுமேலயே போங்க வெர்னா. கோடு தெளிவா இருக்கு, கேமராவுக்கு அழகா விழும்."

அது செய்யக் கூடாத காரியம். பனியில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் அது தெரியும். அடுத்தவள் போட்ட கோட்டில் கத்தியை வைக்கக் கூடாது. வைத்தால் அவள் கணக்கை நாம் எடுத்துக்கொண்டதாக அர்த்தம். அவள் விட்ட சுற்றுகளை நாம்தான் முடிக்கவேண்டும். சின்ன வயதில் தெரியாமல் மிதித்துவிட்ட பெண்கள் அழுதுகொண்டே முடித்ததை வெர்னா பார்த்திருக்கிறாள்.

பக்கத்தில் எத்தனையோ சுத்தமான பனி இருந்தது. அதில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

கேட்டார்கள். போனாள்.

நடுப்புள்ளியில் கத்தியை வைத்ததுமே கால் தானாகத் தள்ளிக்கொண்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. தோள் திரும்பியது, இடுப்பு திரும்பியது, உலோகம் எலும்பில் உரசுவது பல்லில் கேட்டது. கத்தி 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சுருதியில் பனியைக் கீறிக்கொண்டு போனது. கீழே பார்த்தாள். தன் கோடு எது, பழைய கோடு எது என்று தெரியவில்லை.

ஒன்றுதான் இருந்தது.

முதல் வட்டம் முடிந்து கால் மாற்றும்போதுதான் கவனித்தாள். விரல்கள் இல்லை. தளர்வாகக் கட்டிய கயிறு கணுக்காலை அறுத்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ இழுத்துக் கட்டியதுபோல்.

பயம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. மரத்த இடத்தில் எது விழுந்தாலும் சத்தம் மட்டும்தான்.

இரண்டாவது வட்டத்தில் இடுப்பு ஒரு முறை நழுவிப் பிடித்துக்கொண்டது. கண் இருண்டது. எப்படியோ நடுப்புள்ளிக்கு வந்து நின்றாள்.

"பிரமாதம்," என்றாள் மரிசா. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்படியே நில்லுங்க."

வெர்னா நின்றாள். அவள் மூச்சு வெள்ளையாக வந்து கரைந்தது.

இரண்டடி தள்ளி, தரைக்குச் சற்று மேலே, இன்னொரு மூச்சு வெள்ளையாக வந்து கரைந்தது.

அதன் கீழே, கோட்டை ஒட்டி, பனியில் இரண்டு வட்டங்கள் ஈரமாக இளகியிருந்தன. முட்டி அளவு. அவற்றுக்கு முன்னால் ஐந்து விரலும் விரிந்த ஓர் உள்ளங்கை.

ஆர்வோவைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் ஏதோ ஜெபம் சொல்வதுபோல் அசைந்தன.

பழைய ஈரம் அப்படியே இருக்க, அதற்கு அடுத்து இன்னொரு ஜோடி இளகியது. பிறகு இன்னொன்று. கோட்டின் ஓரமாகவே. தவழ்ந்து, மெதுவாக, ஓர் அங்குலம் விடாமல் பார்த்துக்கொண்டு.

நடுப்புள்ளியை நோக்கி.

அவளை நோக்கி.

கம்பளிப் பாவாடையின் ஈர வாசனை நெருங்கியது. காதுக்கு வெகு கீழே, முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து, அந்தச் சொல் வந்தது.

"மறுபடி."

"வெர்னா," என்றாள் மரிசா அதே நேரத்தில், "இன்னொரு தடவை போட்டுடலாமா? ஒரே ஒரு தடவை. இப்பதான் உங்க முகத்துல நான் தேடினது வந்திருக்கு."

வெர்னாவின் வலது கால் தயாராகிவிட்டது. கத்தி நடுப்புள்ளியைத் தேடிப்போய் உட்கார்ந்தது. அவள் அதை வெளியிலிருந்து பார்த்தாள், யாருடைய காலையோ பார்ப்பதுபோல். மூன்றாவது சுற்றில் இடுப்பு தாங்காது. பாதியில் விழுவாள். அந்த ஈரக் கையின் பக்கத்தில், முட்டி மடிந்து, தலையோடு தலை ஒட்டி விழுவாள். எழுந்திருக்க முடியாது. இத்தனை வருடமாக மிஸ் பிராஸ்க் அங்கே காத்திருப்பதும் அதற்குத்தான். அவளுக்கு இது விரோதமில்லை. மூன்று சுற்று முடியாமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அவளிடம் இல்லை, அவ்வளவுதான்.

அது சுலபமாகவும் இருக்கும். அதுதான் வெர்னாவைத் திடுக்கிட வைத்தது. எவ்வளவு சுலபமாக இருக்கும்.

வெர்னா காலைத் தூக்க முயன்றாள். தூக்க வரவில்லை, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து, கனமான பொருளை எடுப்பதுபோல் எடுத்து, கோட்டுக்குக் குறுக்கே வைத்தாள். கத்தி அந்த மெல்லிய கோட்டை வெட்டிக்கொண்டு இறங்கியது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மரிசாவாகவும் இருக்கலாம்.

மெல்லத் தள்ளிக்கொண்டு ஓரத்துத் தடுப்புக்கட்டையை எட்டி, அதைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மரிசா பின்னால் வந்து, என்ன ஆயிற்று, வலிக்கிறதா, ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெர்னா கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு அவள் போட்ட முடிச்சு இல்லை. நகம் பிய்ந்தது. காலணியைக் கழற்றியபோது கணுக்காலைச் சுற்றி நீலமாக வரி விழுந்திருந்தது.

அப்போது மரிசா பேச்சை நிறுத்தினாள்.

தளத்தில் யாரும் இல்லை. மேலே டெட் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டிருந்தான். ஆர்வோ சுவரோடு சுவராக நின்றான். அந்தக் காலிப் பனியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று கத்தி கீறும் சத்தம் வந்தது. ஒரே சுருதியில், அவசரமில்லாமல். ஒரு வட்டம். கால் மாற்றும் சிறு ஓசை. இன்னொரு வட்டம்.

நின்றது.

கூரையில் தகரம் 'டக்' என்றது.

வெர்னாவின் கால்விரல்களுக்கு உயிர் திரும்பத் தொடங்கியிருந்தது. ஊசி ஊசியாகக் குத்தியது. ஒவ்வொரு விரலாக அவள் அதைக் கவனித்தாள்.

பெஞ்சுக்கு முன்னால் இருந்த கறுப்பு ரப்பர் பாயில் ஓர் ஈர வட்டம் தோன்றியது. பக்கத்தில் இன்னொன்று. அவள் பாதங்களுக்கு எதிரே, அவளைப் பார்த்தபடி.

"வந்து பாரு."

வெர்னா கம்பளிக் காலுறையை எடுத்து, வலிக்கிற காலில் மெல்ல ஏற்றினாள்.

"வரல, மிஸ் பிராஸ்க்," என்றாள், பக்கத்தில் நின்ற மரிசாவுக்குக்கூடக் கேட்காத குரலில்.