வலைக்கடை ஸெய்னுதீனின் வயிறு

1998 ஆவணி. காலை எட்டரை மணி.

திருகோணமலைத் துறைமுகத்தருகே வலைக்கடை வைத்திருந்த ஸெய்னுதீனை, இரத்தம் கலந்த வயிற்றாலடியோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

"தயிரில நஞ்சு" என்று முனகினார்.

கிண்ணியாவிலிருந்து தயிர் கொண்டுவந்து விற்கும் றுக்கியா, வெளியே மர வாங்கில் பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் இருந்தாள். அந்த நாட்களில் பொலிஸ் கொண்டுபோனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று பொலிஸ்காரரிடம் சொல்லிவிட்டு டொக்டர் இராசமலர் உள்ளே போனார். புதிர் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"தயிரை ஆர் ஆர் சாப்பிட்டது?"

"வீட்டில எல்லாரும்தான்" என்றாள் ஸெய்னுதீனின் மனைவி லைலா.

"மற்ற ஆக்களுக்கு?"

"ஒண்டுமில்ல."

"இவர் கடைசியாச் சாப்பிட்டது?"

"போன வெள்ளி. வயித்தால போகத் தொடங்கினதோட விட்டுட்டார். சந்தையில எல்லாருக்கும் முன்னால றுக்கியாவை ஏசினதும் அண்டைக்குத்தான்."

தயிர் நின்றிருக்கிறது. நோய் கூடியிருக்கிறது.

"வாயைத் திறவுங்கோ, முதலாளி."

கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. பிடுங்கிய இடத்து முரசுச் சதை நன்றாக ஆறியிருந்தது.

"எப்ப பிடுங்கினது?"

"போன மாசம்."

"புண் ஆறக் குளிசை தந்தவையோ?"

"அஞ்சு நாளைக்கு."

"பிறகு?"

ஸெய்னுதீன் சட்டைப் பையைக் கையால் மூடினார். லைலாதான் பதில் சொன்னாள். "ஒரு பெட்டியே வாங்கினவர், டொக்டர். சட்டைப் பையில இப்பவும் கிடக்கு."

"சண்டையில றோட்டை மூடினா மருந்து வராதே" என்றார் ஸெய்னுதீன். "கிருமியைக் கொல்லுற மருந்து, உடம்புக்கு நல்லதெண்டு தினமும் போட்டன்."

"இண்டைக்கும்?"

"ஓம். விடியவும் போட்டனான்."

இராசமலர் சிரித்துவிட்டார். பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்.

"ஆளைப் பிடிச்சாச்சு. நஞ்சு வச்சது இவரேதான். என்ன சாப்பிட்டவர் எண்டு எல்லாரும் கேட்டீங்கள். என்ன விழுங்கினவர் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"குளிசை நஞ்சோ?" என்றார் பொலிஸ்காரர்.

"இல்லை. குடலுக்குள்ள கோடிக்கணக்கில நல்ல கிருமியள் இருக்கு. கெட்டதுக்கு இடம் குடுக்காதுகள். ஆரை அடிக்கிறது, ஆரை விடுறது எண்டு உடம்பின்ர காவலுக்குப் பழக்குறதும் அதுகள்தான். இவர் அதுகளைச் சாகடிச்சுப்போட்டார். குளிசைக்குச் சாகாத கெட்ட கிருமி ஒண்டு இடத்தைப் பிடிச்சு நஞ்சு கக்குது. அடக்க ஆளில்லாத காவல், குடல் சுவரையும் சேர்த்து அடிக்குது."

குளிசைப் பெட்டியை இராசமலர் வாங்கிக்கொண்டார். வேறு மருந்து கொடுத்தார். பொலிஸ்காரர் தனியே திரும்பினார்.

எழுந்து உட்கார முடிந்த அன்று ஸெய்னுதீன் றுக்கியாவை அழைப்பித்தார். "குறை நினைக்காத, புள்ள."

"இங்க சொல்லி என்ன, காக்கா? ஏசின இடத்தில சொல்லுங்க."

அடுத்த கிழமை, பாதியாக மெலிந்திருந்த ஸெய்னுதீன் சந்தை நடுவில் நின்றார். "றுக்கியாட தயிரில பிழை இல்ல. பிழை என்ட புத்தியிலதான்."

"கேக்கல்ல" என்றாள் றுக்கியா, தயிர்ச்சட்டிகளுக்குப் பின்னாலிருந்து.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார்.