எங்கள் ஊரையும் போடுங்கள்

ஜெசிந்தா காலையில் எழுந்ததும் கைபேசியில் வாசகர் பலகையைத்தான் முதலில் திறப்பாள். பல் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகு. சொந்தமாகப் புத்தகம் வெளியிடுகிற எல்லோருக்கும் உள்ள வியாதி இது. எழுதுவது, பிழை திருத்துவது, அட்டை வரைவது, 'மூச்சுவிட மறப்பீர்கள்!' என்று தன் கதைக்குத் தானே பின்னட்டையில் புகழ்மாலை சூட்டுவது, எல்லாம் ஒரே ஆள். யாராவது படித்தார்களா என்று பார்ப்பதும் அதே ஆள்தான்.

அன்றும் பலகை வழக்கம்போல இரண்டே வரி காட்டியது. மனித வாசகர்: ஒருவர். பொறி வாசகர்: ஊகி.

அந்த ஒரே மனிதரின் பெயர் தணிகாசலம். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோரைத்திட்டு என்று ஒரு தீவு. அங்கே தொட்டி கட்டி நண்டு வளர்க்கிறார். 'பதின்மூன்றாம் மதகு' தொடரில் ஒரு பாகம் வெளியானால் போதும், இரண்டொரு நாளில் அவரிடமிருந்து குரல் செய்தி வந்துவிடும்.

"மேடம், மூணாம் பாகம் முடிச்சிட்டேன். பரவைமேட்டுல தண்ணி பூந்து வர்ற எடம் இருக்கே, யப்பா, கையெல்லாம் நடுங்கிப் போச்சு! கேப்டன் இளம்பரிதி அழுதுகினே மதகத் தொறக்கறாரு பாருங்க, அங்க நானும் அழுதுட்டேன். ஒரே ஒரு கொறதான். எங்க ஊர எப்பதான் கதையில போடப் போறீங்க? ஒரு ஆள் போனா இன்னொரு ஆள் ஒதுங்கி நிக்கணும், அப்படி ஒரு பாலம் இருக்கு. நண்டுத் தொட்டி இருக்கு. எப்பவும் கரகரன்னு பாடற கோயில் ஸ்பீக்கர் இருக்கு. உங்களுக்கு இதெல்லாம் எழுத வராதா என்ன?"

ஜெசிந்தா சிரித்துக்கொண்டாள். பாகத்துக்குப் பாகம் அவர் கேட்கிற வரம் இது.

மற்ற வாசகரான ஊகியைப் பற்றிச் சிரிக்க ஒன்றும் இல்லை. நகரத்தைப் பாதி விழுங்கிய பெரும்புயலுக்கு முன்பே அரசு நிறுவிய ஊகப்பொறி அது. மழையின் அளவு, கடலின் ஏற்றம், காற்றின் போக்கு எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் புயலன்று அணைக்கட்டில் நின்ற இரண்டு பொறியாளர்களும், மதகை மற்றவர் திறப்பார் என்று காத்திருந்ததை அது எதிர்பார்க்கவில்லை. மனிதர்கள் எப்படிக் கோட்டை விடுவார்கள் என்பது கதை எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும் என்று யாரோ ஒரு மேதாவி சொல்ல, சட்டம் வந்தது: எதிர்காலப் பேரிடர் பற்றி வெளியாகும் ஒவ்வொரு கதையையும் ஊகி படிக்கும். எழுத்தாளர்கள் முதலில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். ஜெசிந்தாவும்தான். தன் கதையை அரசாங்கமே வரி விடாமல் படிக்கிறது என்றால் சும்மாவா?

அன்று மதியம் அக்கா ரோஸ்லின் அழைத்தாள். பரவைமேட்டில் இருப்பவள். வீட்டுக்காரர் சேவியர் இரண்டு வருடமாகப் பிராணவாயுக் கருவியோடு படுத்த படுக்கை.

"ஏன்டி ஜெசி, எங்க தெரு வெளக்குக் கம்பத்துலல்லாம் மஞ்சப் பட்டை அடிச்சிட்டுப் போறானுங்க. 'நீர்விடு பகுதி'யாம். புயல் வந்தா அணைக்கட்டுத் தண்ணிய எங்க பக்கம் திருப்பி விட்டுருவாங்களாம். சங்கு ஊதுனா ஒடனே கெளம்பணுமாம். இவரத் தூக்கிகினு நான் எங்கடி ஓடுவேன்?"

"யாருக்கா முடிவு பண்ணது?"

"பெயிண்ட் அடிக்க வந்தவனக் கேட்டேன். ஏதோ கதையில இருந்துச்சாம், ஊகி எடுத்துக்கிச்சாம். மாதா கோயில் செவுரு மொதல்ல இடியும், அதுக்கப்புறம் பள்ளிக்கூடம்னு புட்டுப்புட்டு வச்சிருக்காம்." ரோஸ்லின் சற்று நிறுத்தினாள். "நீ எழுதுனதுதான?"

ஜெசிந்தாவேதான் எழுதியிருந்தாள். கதையில் ஒரு ஊர் மூழ்க வேண்டியிருந்தது. சந்து பொந்தெல்லாம் தெரிந்த ஊராக இருந்தால் எழுத வசதி. அவ்வளவுதான் அவள் யோசித்தது.

"எழுதுன கையாலயே மாத்தி எழுதுடி," என்று சொல்லிவிட்டு அக்கா அழைப்பைத் துண்டித்தாள்.

எழுத்தாளர் ஊகியோடு பேசலாம். அந்த உரிமையும் சட்டத்தில் உண்டு. ஜெசிந்தா பலகையில் அதன் பெயரைத் தொட்டாள்.

"மூன்றாம் பாகத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

"பெறலாம். நான் படித்துவிட்டேன்," என்றது ஊகி. அதற்குச் செய்தி வாசிக்கிறவரின் குரல்.

"அது வெறும் கற்பனை."

"கற்பனையில் இழப்பு மிகக் குறைவாக இருந்தது. என்னிடம் இருந்த திட்டங்களில் பொது மருத்துவமனையும் மின்நிலையமும் மூழ்கின. உங்கள் கேப்டன் அவை இரண்டையும் காப்பாற்றினார். இதைவிடச் சிறந்த முடிவை நான்காம் பாகத்தில் எழுதினால் அதை ஏற்றுக்கொள்வேன். ஆனால் நம்பும்படி இருக்க வேண்டும்."

ஜெசிந்தா எழுத உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய எழுத்துக்கு அவசரம் வந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை வாசலில் நின்றது.

முதல் வரைவில் யாருமே மூழ்கவில்லை. நகரம் விழித்துக்கொண்டு, தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோக ஒரு புதிய கால்வாய் வெட்டியது. ஊகி அதை ஒரு நொடியில் படித்தது.

"நம்பும்படி இல்லை. கால்வாய் அத்தியாயத்தில் உங்கள் வாக்கியங்கள் தளர்ந்து கிடக்கின்றன. இந்த நகரம் கால்வாய் வெட்டும் என்று நீங்களே நம்பவில்லை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது. இரண்டாம் வரைவில் தண்ணீரைக் கடற்கரைச் சாலையின் பங்களாக்கள் பக்கம் திருப்பினாள். எழுத எழுத இனித்தது. நீச்சல் குளங்களெல்லாம் நிரம்பி வழிந்தன.

"இதுவும் இல்லை," என்றது ஊகி. "அவர்கள் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடத் திருப்ப விடமாட்டார்கள் என்று முதல் பாகத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது மிகவும் நம்பும்படி இருந்தது."

"அப்போ யாராவது ஏழைகள் சாகத்தான் வேண்டுமா?"

"அது என் விதி இல்லை. உங்கள் மூன்று பாகங்களிலும் அப்படித்தான் நடக்கிறது."

வங்கக் கடலில் முதல் காற்றழுத்தத் தாழ்வு உருவான அன்று அவள் மூன்றாவது வரைவைத் தொடங்கினாள். கேப்டன் இளம்பரிதி மதகுக் கட்டுப்பாட்டு அறையில் நிற்கிறார். பரவைமேட்டுக்குப் போகும் மதகை மூடுகிறார். எதிர்ப்பக்கத்து மதகைத் திறக்கிறார். எதிர்ப்பக்கத்தில் ஒரு ஊர் வேண்டும். யோசிக்கவே தேவையில்லாமல் விரலில் வந்து நின்றது கோரைத்திட்டு. ஒரு ஆள் போனால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய பாலம், நண்டுத் தொட்டி, கரகரக்கும் ஒலிபெருக்கி எல்லாம் வரிசையாக வந்தன. எங்கிருந்து வருகின்றன என்று நின்று பார்க்காமல் இருக்கத்தான் அவ்வளவு வேகமாக எழுதினாளோ என்னவோ. பாலம் உடைகிற அத்தியாயம் அவள் எழுதியவற்றிலேயே சிறந்த அத்தியாயம். அட்டை போட்டாள், வெளியிட்டாள்.

"நம்பும்படி இருக்கிறது," என்றது ஊகி. "ஏற்றுக்கொண்டேன்."

மறுநாளே ரோஸ்லின் அழைத்தாள். "மஞ்சப் பட்டைய அழிக்கிறானுங்கடி! மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். நீ நல்லா இருப்ப ஜெசி, நல்லா இருப்ப." பின்னால் சேவியரின் கருவி புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுவது கேட்டது. ஜெசிந்தா அழுதாள். அந்த நிம்மதி நிஜம். அதை இல்லையென்று சொல்ல முடியாது.

அன்று மாலை தணிகாசலத்தின் குரல் செய்தி வந்தது.

"மேடம்! போட்டுட்டீங்களே! நான் சொன்ன பாலம், தொட்டி, ஸ்பீக்கர், ஒண்ணு விடல நீங்க! பத்தாவது அத்தியாயத்துலதான் இருக்கேன். வேணும்னே மெதுவாப் படிக்கிறேன், தீந்துடக் கூடாதுல்ல. ஊர்ப் பசங்கள உக்கார வச்சு சத்தமா வாசிச்சுக் காட்றேன். இன்னொரு விசயம் கேளுங்க. காலையில கவர்மெண்டு ஆளுங்க வந்து வெளக்குக் கம்பத்துக்கெல்லாம் மஞ்சக் கலர் அடிச்சிட்டுப் போறாங்க. கதையில வந்துட்டோம்ல, ஊரு அழகாவுது!"

ஜெசிந்தா உடனே அவரை அழைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் அவரை அழைப்பது இதுவே முதல் தடவை.

"ஐயோ மேடம், நீங்களா! இருங்க, எல்லாரையும் கூப்புடறேன்..."

"வேணாம். நீங்க மட்டும் கேளுங்க. கதை முடிவுல..."

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க! முடிவு தெரிஞ்சா படிக்கிறதுல என்ன இருக்கு?"

"தணிகாசலம், நான் கதையச் சொல்லல. அந்த மஞ்சப் பட்டையப் பத்திச் சொல்றேன்."

சொன்னாள். ஊகியை, மதகை, மாற்றி எழுதியதை, எல்லாவற்றையும் சொன்னாள்; பரவைமேட்டில் அக்கா இருக்கிறாள் என்பதை மட்டும் 'எனக்கு வேண்டியவங்க ஒருத்தங்க, வேற எடத்துல' என்று சொல்லித் தாண்டிவிட்டாள். மறுமுனையில் கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று பாடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை 'அப்புறம் என்ன மாமா ஆச்சு, படி' என்று நச்சரித்தது.

"எங்க பாலத்துல ஒரே நேரத்துல ஊரே ஓட முடியாது மேடம்," என்றார் தணிகாசலம் கடைசியில். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"தெரியும். நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"அப்ப அஞ்சாம் பாகத்துல காப்பாத்திடுவீங்கல்ல? மூணு பாகத்துலயும் கேப்டன் கடைசியில ஏதாவது பண்ணுவாரே."

"அதுக்கு வேற ஊர் ஒண்ணு வேணும்."

அவர் யோசித்தார். தொடரை முதல் வரியிலிருந்து படித்த ஒரே மனிதர் இல்லையா, அவருக்குத் தெரியாததா!

"பரவைமேட்டையே திரும்பப் போட்டுடுங்களேன் மேடம்," என்றார் மெல்ல. "மூணாம் பாகத்துல நல்லா இருந்துச்சே."

ஜன்னலுக்கு வெளியே தூறல் தொடங்கியிருந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? மேடம்?"