நடந்து போனவள்

தையல் தொழிற்சாலையில் காலர் தைக்கிற அவள் மூச்சிரைக்க நிறுத்தத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூறல் வேறு. பஸ்ஸைக் காணோம். அது வரும், வராது, வந்தாலும் நிற்காது. அதை நம்பியே மேற்பார்வையாளரிடம் கெட்ட பெயர். பெற்ற மகளிடம் ‘லேட்டம்மா’ என்ற பட்டப்பெயர். வீட்டில் இருப்பதே அவளும் மகளும்தான். குழந்தைகள் காப்பக ஆயாவோ நேற்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள்: “இனிமே லேட்டா வந்தா வேற இடம் பாத்துக்கம்மா.”

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சாலையை எட்டி எட்டிப் பார்த்துக் கண் பூத்துப் போயிற்று.

“குழந்தை காத்துட்டிருக்கா?”

திரும்பினாள். பெஞ்சின் இருண்ட ஓரத்தில் ஒருத்தி. கூரைக்கடியில்தான் இருந்தாள், ஆனாலும் கூந்தலிலிருந்து நீர் சொட்டிற்று. நனைந்த தாரும் துருவும் கலந்த வாடை.

“ஆமாங்க. தண்ணித்தொட்டிப் பக்கத்துக் காப்பகம்.”

“என் பொண்ணும் அங்கதான் இருந்தா. ஒரு நாள் இப்படித்தான், லேட்டாயிடுச்சேன்னு ஓடுற பஸ்ஸைத் தாவிப் பிடிச்சேன்.”

“பிடிச்சிட்டீங்களா?”



பஸ் வந்தது. படிக்கட்டில் தொங்கியவர்களை இடித்துக்கொண்டு ஏறினாள்.

“நீங்க வரலையா?”

“நான் நடந்துடுறேன். அதுதான் சீக்கிரம்.”

பாதி வழியில் பஸ் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. இறங்கி ஓடினாள். சேறு தெறிக்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆயா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் அக்கா வந்து அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்களே. நல்லா நனைஞ்சிருந்தாங்க, பாவம். புள்ளையும் ஓடிப்போய் கையைப் பிடிச்சுக்கிச்சு.”

“எனக்கு அக்காவே இல்ல ஆயாம்மா!”



வீட்டுக்கு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. சாவி அவள் பையில்.

உள்ளே விளக்கு எரிந்தது.

சாவி துளையில் நுழைய மறுத்தது. ஒருவழியாகக் கதவு திறந்ததும் அந்த வாடை முகத்தில் மோதிற்று.

மகள் சுவரோரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை வாரியிருந்தது. பாய்ந்துபோய் வாரி அணைத்துக்கொண்டாள். அழுகை பீறிட்டது.

குழந்தை அவள் வாயைப் பொத்தியது.

“சத்தம் போடாதம்மா. ரொம்ப தூரம் நடந்தாங்களாம். இப்பதான் தூங்குறாங்க.”

பாயில் யாரும் இல்லை.

அதன்மேல் விரித்திருந்த போர்வை மட்டும், மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது.